மேனுவல் தோற்ற விதம்

எங்கள் காருக்குப் பெட்ரோல் போட ஒரு ஆள் போதாது, குடும்பமே வேண்டும். டாங்க் நிரம்பியதும் பங்கில் குழாய் தானாக 'டக்'கென்று நின்றுவிடும். ஊரில் மற்றவர்கள் அத்தோடு கிளம்பிவிடுவார்கள். நாங்கள் அப்போதுதான் இறங்குவோம். பின்பக்கத்தின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை நானும் பிடித்துக்கொள்ள, அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு பேருக்கு ஒரு கை வைக்க, மூவரும் சேர்ந்து காரை ஆட்டுவோம். டாங்குக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும் என்பது அப்பாவின் கொள்கை. குமிழ் காலி செய்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். அதுதான் உண்மையான ஃபுல் டாங்க். உண்மையான ஃபுல்லிலிருந்து உண்மையான ஃபுல்லுக்குக் கணக்குப் போட்டால்தான் மைலேஜ் மைலேஜாக இருக்கும், மற்றதெல்லாம் வதந்தி. பங்க்காரருக்கு எங்கள் பெயர் தெரியாது. தூரத்தில் எங்கள் காரைப் பார்த்ததும், "ஆட்டுறவங்க வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய உத்தியோகம் அப்படி. பூமிக்கடியில் போகிற குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆள் உயர இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றுவார். மேல்முனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குப் பூமி ஏதோ வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுவது போலவும், அப்பா அதில் பாதியைத்தான் நம்புவது போலவும் இருக்கும். ஒழுகுகிற குழாய் மெலிதாக 'ஸ்' என்று சத்தம் போடுமாம். பேருந்தும் லாரியும் போகிற சாலையில் அந்த 'ஸ்'ஸை மட்டும் பிரித்தெடுக்கிற காது அவருக்கு. பகலெல்லாம் ஒழுகலைக் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டிலும் எல்லாம் ஒழுகுவதாகத்தான் தோன்றும். அதில் கார் முதலிடம்.

இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுவார். கியரிலேயே விட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக்கால இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது, நியூட்ரலில் போட்டால்தான் அது அணையாமல் இருப்பதற்குக் கொஞ்சம் குடிக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அப்பா மரியாதையாகக் கேட்டுவிட்டு, இறக்கம் முடியும்வரை நியூட்ரலிலேயே போனார். ஏசி பட்டனை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அதில் எழுத்துகூட அழியவில்லை. ஸ்டெப்னி வீண் சுமை என்பதால் அது வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வழியில் பஞ்சர் ஆனால் வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்து ஸ்டெப்னியை எடுத்துப் போவோம். அந்த வாடகைக் காரின் பெட்ரோல் நம் கணக்கில் வராது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அம்மாவின் இடது முழங்கால் தேய்ந்துபோனது.

அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து நிலையத்தில் சேர்ப்பாள். ஊசி குத்துவதே தெரியாது என்பதால் அந்தத் தெருக்களில் அவளுக்கு 'நோகாத அக்கா' என்று பெயர். வேறு யாராவது வந்தால் கையை நீட்ட மாட்டோம் என்று சத்தியாக்கிரகம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்துகளில் கார் ஓட்டுவது ஓட்டுவதே அல்ல. பத்தடி போய் நிற்பது, பிறகு பத்தடி. ஒவ்வொரு பத்தடிக்கும் கிளட்ச். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் காலால் இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நிலையத்து மேனேஜர் அதைக் கேள்விப்பட்டு, ரொம்ப அன்பாக, சுற்றுக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் உள்ளே உட்கார்ந்து ரிப்போர்ட்டுக்குக் கவர் ஒட்டலாம் என்றார். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். கவர் ஒட்டுகிற மேஜைக்கு எதிரே ஒரு சுவர் இருக்கிறது. சுவரில் ஒரு ஆணி. அதில் காலண்டர்கூட இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த ஆணியைப் பற்றித்தான் சொன்னாள்.

கார் எப்படியும் மாற்ற வேண்டிய வயது. அடுத்தது ஆட்டோமேட்டிக்காக இருந்தால் அம்மாவின் சுற்று நிற்காது. மேனுவலாக இருந்தால் ஆணிதான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அப்பாவின் பார்வையில் ஆட்டோமேட்டிக் என்பது யானையைக் கட்டித் தீனி போடுவது. அதுவே கியர் மாற்றிக்கொள்கிறது என்றால் அந்த வேலைக்கு அதற்கு யார் கூலி கொடுப்பது, பெட்ரோல்தானே என்று கேட்டார். முழங்காலுக்கு அவரிடம் வேறு வைத்தியம் இருந்தது.

"கிளட்ச்ச மிதிக்கக் கூடாதும்மா. தடவணும்" என்றார்.

"உங்க முதுகத் தடவுற மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

அம்மா மேற்கொண்டு வாதாடவில்லை. தன் தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

மாமா பல் செட் கட்டுகிறவர். ஒரே வேலையாக நாலு பேர் சிரிப்பைச் செய்துவிட்டு, அதில் தன் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டு வருவார். அவரிடம் இருப்பது எங்கள் காரின் உடன்பிறப்பு. அதே கம்பெனி, அதே இன்ஜின். கியர் மட்டும் ஆட்டோமேட்டிக். வந்து உட்கார்ந்ததும், "அத்தான், நீங்க சொல்றது எங்க தாத்தா காலத்து ஆட்டோமேட்டிக்க. அது குடிச்சது வாஸ்தவம். இப்ப வர்றது உங்களவிடக் கருமி" என்றார். என்னை விடவா என்பது போல அப்பா நிமிர்ந்தார். பேச்சு வளர்ந்து, கடைசியில் இரண்டு காரையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மைலேஜில் ஆட்டோமேட்டிக் தோற்றால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. தோற்காவிட்டால் அதையே வாங்க வேண்டும். அப்பா அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எண் என்றால் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் போட்டி ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையில் நடந்தது. அப்பா எங்கள் மேனுவலை ஓட்ட நான் பக்கத்தில். அம்மா ஆட்டோமேட்டிக்கை ஓட்ட மாமா பக்கத்தில். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் ஆக்சிலேட்டரை ஒரு கைக்குழந்தையின் கன்னம் போலத் தொட்டார். காற்று எதிர்க்கும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது, அதைக் கிளம்புவதற்கு முன்பே குடித்திருக்கலாம் என்றார்; பிறகு யோசித்து, எடை ஒன்றுதான் என்று அவரே தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் மாமாவும் பங்கில் ஆளுக்கொரு சோளம் தின்று முடித்திருந்தார்கள். ஆனால் கணக்கில் அப்பா ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில்.

அம்மா சோளக் கட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குள் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும்.

நான்தான் வாயைத் திறந்தேன். இந்தச் சோதனை செல்லாது என்றேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இங்கே காரும் வேறு, ஓட்டியவரும் வேறு. அப்பா ஓட்டினால் மாட்டுவண்டிகூட நல்ல மைலேஜ் கொடுக்கும். இரண்டு காரையும் ஒரே ஆள், அதுவும் அந்தக் காரை ஓட்டப்போகிற ஆள், தினமும் ஓட்டப்போகிற பாதையில் ஓட்டிக் காட்டினால்தான் அது கணக்கு. அப்பா யோசித்தார். நியாயம் என்று பட்டுவிட்டால் அவரால் அதை மீற முடியாது; அது அவருடைய பலவீனம்.

அதன்படி அம்மா ஒருநாள் மாமாவின் காரில் தன் சுற்றை முடித்தாள். சந்திலும் நெரிசலிலும் அது லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. அப்பா அதைக் கேட்டு, பாவம் என்பது போல உச்சுக் கொட்டினார். அடுத்த நாள் எங்கள் மேனுவலின் முறை. அன்று அப்பா லீவு போட்டார். காரணத்தை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

"உங்கம்மா வேணும்னே மோசமா ஓட்டினாலும் ஓட்டுவாடா. பக்கத்துல ஆள் இருக்கணும்."

அப்பா முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில் குளிர்ப்பெட்டியோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எல்லோரும் சேர்ந்து போனால் அப்பாதான் ஓட்டுவார், அம்மா ஓட்டும்போது தனியாகத்தான் போவாள். அவள் ஓட்டி, பக்கத்தில் இவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

முதல் இரண்டு சந்துகளில் அப்பா கண்காணிப்பாளராக இருந்தார். மூணுக்கு மாத்து, நாலுக்கு மாத்து, முன்னாடி வண்டி நிக்குது பாரு, இப்பவே காலை எடு என்று பாட்டாகப் படித்துக்கொண்டு வந்தார். அம்மா சொன்னபடியெல்லாம் செய்தாள். மோசமாக ஓட்டவில்லை. ஏமாற்றி ஜெயிக்கக் கூடாது என்கிற ரோஷத்தோடு, நன்றாகவே ஓட்டினாள். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மூன்றாவது சந்தில் அப்பா பேச்சை நிறுத்தினார்.

"என்னங்க தேடுறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கயோ காத்து போகுது."

கதவுக் கண்ணாடியின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். முன்னால் இருக்கும் காற்றுத் துவாரங்களை ஒவ்வொன்றாக மூடினார். டாஷ்போர்டில் காதை வைத்தார். பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்; பார்த்தேன், சாத்தியிருந்தது. சிக்னலில் கார் நின்றது. சத்தம் இல்லை என்று அப்பா கையைக் காட்டினார். பச்சை விழுந்தது. அம்மா கிளட்ச்சை அழுத்தினாள். இதோ, என்று விரலை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் கம்பியோடு நிற்பாரே, அதே முகம். மூடிய கண்ணோடு தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனார். கியர், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் தாண்டி அவர் காது அம்மாவின் தோளருகே போய் நின்றது.

அம்மா மறுபடி கிளட்ச்சை மிதித்தாள். பல்லுக்கிடையில், மிக மெலிதாக, 'ஸ்' என்றாள்.

அவளுக்கே அது தெரியாது. தெரிந்திருந்தால் மிதிக்கும்போது பாட்டு முணுமுணுத்திருப்பாள்.

"என்னங்க இது, ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த சந்து வரை அவள் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"எப்பலேருந்து?"

அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே, "போன மழைக்கு முன்னாடிலேருந்து" என்றாள்.

"சொல்லவே இல்ல."

"டாக்டர் சொன்னதச் சொன்னேனே."

"டாக்டர் சொன்னதச் சொன்ன. நீ சொல்லல."

முன்னால் போன வண்டி நின்றது, அவளும் நிறுத்தினாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நகரு, நான் ஓட்டுறேன்" என்றார்.

"நகர மாட்டேன். இன்னிக்கு நகர்ந்தா நாளைக்கும் நகரணும். அப்புறம் கவர்தான்."

நான் பின்சீட்டிலிருந்து, ஓட்டுகிறவர் மாறினால் சோதனை செல்லாது என்பதையும் நினைவுபடுத்தினேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பாடத்தில் ஃபெயிலாகியிருப்பேன். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வீட்டு வாசலில் அம்மா இறங்கி உள்ளே போய், ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்வரை அவர் அசையவே இல்லை. கை மட்டும் கியர் தண்டின் குமிழை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வந்து உட்கார்ந்து, முதல் கியரில் கிளப்பி, இரண்டுக்கு மாற்றினாள். மூன்றுக்குப் போக அவள் கை நீண்டபோது, அப்பா குமிழின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"செகண்ட்லயே போகட்டும்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள்.

"ரோட்டப் பாரு. செகண்ட்லயே போகட்டும். மாத்தாத."

நான் பிறந்ததிலிருந்து 'மேல மாத்து, மேல மாத்து' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லியிராத மனிதர். இன்ஜின் முக்கியது, பிறகு முனகியது. பெரிய சாலைக்கு வந்ததும் அலறியது. அப்பா ஒவ்வொரு அலறலுக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். ஆனால் கையை எடுக்கவில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு லாரி நுழையும் அளவுக்கு இடம் விடச் சொன்னார். அப்போதுதான் நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகலாம், நின்றால் மறுபடி கிளட்ச். நிஜமாகவே ஒரு லாரி நுழைந்தது. பின்னால் ஹாரன் கேட்டது. அப்பா ஜன்னலைத் திறந்து, போகிறவர்களைப் போகும்படி ஒரு போக்குவரத்துக் காவலரைப் போலக் கையாட்டிக்கொண்டே வந்தார். சிக்னல் வந்தால், அம்மாவின் கை வருவதற்கு முன்பே நியூட்ரலுக்குத் தள்ளி, "காலை எடு, காலை எடு" என்றார்.

அம்மாவுக்கு வியர்த்திருந்தது. அப்பா டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"ஏன்டா, இந்த ஏசி எது?"

காட்டினேன். அழுத்தினார். இத்தனை வருடத் தூசி முதலில் வந்தது. பிறகு குளிர்ந்த காற்று. அடுத்தடுத்த வீடுகளில் அம்மா உள்ளே போயிருக்கும் நேரமெல்லாம் இன்ஜினை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டார். திரும்பி வரும்போது அவளுக்கு உள்ளே சில்லென்று இருக்க வேண்டுமாம். சும்மா நிற்கிற கார் பெட்ரோல் குடிக்கும் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்காது. அப்பாவுக்குக் கேட்டிருக்கும். பொறுத்துக்கொண்டார்.

அம்மா இல்லாத ஒரு நேரத்தில் நான் மெதுவாக, "அப்பா, இப்படிப் போனா மேனுவல் தோத்துடும்" என்றேன்.

"தோக்கட்டும். அது என்ன நமக்குச் சொந்தமா, பந்தமா?" என்றார்.

சுற்று முடிந்து மாதிரிகளைச் சேர்த்துவிட்டுப் பங்குக்குப் போனோம். பங்க்காரர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். குழாய் 'டக்'கென்றது. இறங்கி ஆட்டினோம். சாதாரணமாக ஒரு பத்து ஆட்டோடு நிறுத்துகிற அப்பா அன்று விடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆட்டினார். அந்தக் காரில் அதன்பிறகு ஒரு குமிழ் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

"சார், கழுத்து வரைக்கும் வந்துடுச்சு" என்றார் பங்க்காரர்.

"இன்னும் கொஞ்சம் எறங்கும், பாருங்க" என்றார் அப்பா. எவ்வளவு அதிகம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம் மேனுவல் தோற்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

வகுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு எட்டு. ஆட்டோமேட்டிக்கின் பன்னிரண்டுக்கு முன்னால் எட்டு. அப்பா இரண்டு எண்களையும் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"நம்பர் பொய் சொல்லாது. மேனுவல் தோத்துருச்சு" என்றார், ஒரு நீதிபதியின் குரலில்.

நான் சோதனையை நடத்தியவன் என்கிற முறையில், குறிப்பிடத்தக்க வெளிக்காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதி கூறினேன்.

சாயங்காலம் மாமா வாதங்களோடு வந்து சேர்ந்தார். புது ஆட்டோமேட்டிக் எந்த வேகத்துக்கு எந்த கியர் என்று மனிதனைவிடச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறது என்றார். அப்பா, ஆமா மாப்ளே என்றார். நெரிசலில் நாம் பாதிக் கிளட்ச்சில் தேய்க்கிற வீணெல்லாம் அதில் குறைவு என்றார். ஆமா மாப்ளே. ஜெயித்துவிட்டோம் என்பதே மாமாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொண்டுவந்த வாதங்களில் பாதி மிச்சம் இருந்தது. அதை என்னிடம் சொல்லித் தீர்த்தார்.

அவர் போன பிறகு அம்மா அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நாள் பூரா செகண்ட்ல ஓட்டினா ரயிலுகூட எட்டுதான் குடுக்கும்" என்றாள்.

"உனக்கு வேணும்னே மோசமா ஓட்டத் தெரியும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் அப்பா.

அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். தடவவில்லை, ஆனால் கையை உடனே எடுக்கவும் இல்லை.

மேனேஜரிடம் அம்மா தன் முடிவைச் சொன்னாள். மாதம் முடிவதற்குள் கார் வந்தது. ஒருவர் ஓட்டிப் பழகி விற்ற ஆட்டோமேட்டிக், வெளிர்நீலம். முதல் பெட்ரோல் போட மூவரும் போனோம். அம்மா ஓட்டினாள், அப்பா பக்கத்தில். வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு முறை எட்டிப் பார்த்தேன். தூங்கவில்லை. ஒன்றும் கேட்காத தெருவில், கேட்காததைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கிற முகம். ஒரு இறக்கத்தில் மட்டும் அவர் கை பழக்க தோஷத்தில் நியூட்ரலைத் தேடிப் போனது. அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

பங்கில் குழாய் 'டக்'கென்றது. நானும் அப்பாவும் இறங்கினோம். அம்மா கதவைத் திறந்தாள்.

"நீ எறங்காத, உக்காரு" என்றார் அப்பா.

"நான் உள்ள இருந்தா கணக்கு சரியா வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"வராம போகட்டும்."

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையை மடியில் வைத்து, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஏசியைக் கடைசிப் புள்ளி வரைக்கும் வைத்தாள். விசிறி இரைவது வெளியில் எங்களுக்கே கேட்டது. அப்பாவுக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தலையசைத்தார்.

ஆட்டினோம். உள்ளே அம்மா தொட்டிலில் உட்கார்ந்தவள் போல, எங்களுக்கு ஏற்ற தாளத்தில், முன்னும் பின்னும் போய்வந்தாள்.